ஆறு சதுர அடியில் ஒரு பட்டறை: கருவி அலுமாரி செய்யும் பாடம்



சில காலத்துக்கு முன் கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மண்சரிவு அபாயத்தினால் தமது லயத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட ஒரு காம்பராவில் ஆறு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர். ஓய்வு நேரத்தில் கதவு, யன்னல், மேசை திருத்துவார். அயலில் மரக்கறித் தோட்டமும் செய்கிறார். நான் போன நேரம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கால் உடைந்த கதிரையைக் கொண்டுவந்தார்.

"சாமி, செத்த இருங்க, உளி எங்க கெடக்குன்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லி அவர் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். ஒரு உரச் சாக்கை வெளியே இழுத்தார். மம்பட்டி, சுரண்டி, சுத்தியல், வாள், கவ்வாத்துக் கத்தி, ஆணி எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தன. வாளின் பற்கள் சுத்தியலில் மோதி மழுங்கியிருந்தன. உளி கிடைக்க இருபது நிமிடம் சென்றது. கிடைத்தபோது அதன் வாயில் துரு. கதிரையைக் கொண்டுவந்த அம்மா, "பெறகு வர்றேண்ணே" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த வேலை அன்று கைநழுவிப் போயிற்று.

வீட்டுக்காரரின் மனைவி தமது இளைய மகனின் காலைக் காட்டினார். கட்டிலுக்கு அடியில் பந்து எடுக்கப் போனபோது கத்தி கிழித்த தழும்பு அது. "வைக்க எடமில்ல சாமி. எங்க வைக்கிறது சொல்லுங்க" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. நமது நிலைமையைப் பார்ப்போம்

பழைய லயக் காம்பராவின் அளவு பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. அதாவது 120 சதுர அடி. அதில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கிடைத்தவர்களுக்கு நிலைமை சற்று நல்லது. ஆனாலும் பட்டறைக்கென்று தனி அறை எவருக்கும் இல்லை.

சப்ரகமுவைத் தோட்ட மக்களுக்கு இடம் பெயர்வது புதிய அனுபவம் அன்று. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களின்போது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போயின. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்திலும் மண் சரிந்து லயங்களை மூடியது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டை மீண்டும் உலுக்கியது.

இப்படி இடம் பெயர்ந்த குடும்பங்களுடன் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "என்னென்ன இழந்தீர்கள்?" என்று கேட்டால் கட்டில், அலுமாரி, தொலைக்காட்சி, பாத்திரம் என்று சொல்வார்கள். மம்பட்டியையும் வாளையும் பால் வெட்டும் கத்தியையும் எவரும் சொல்வதில்லை. ஆனால் மறுநாள் காலையில் பிழைப்பைத் தொடங்க முதலில் தேவைப்படுவது அவைதான். தோட்டச் சம்பளத்துக்கு வெளியே நமக்கு ஒரு ரூபா தேடித் தருபவை அந்தக் கருவிகளே. அவற்றுக்கு வீட்டில் ஓர் இடம் கொடுக்கவில்லை என்றால், நமது இரண்டாவது தொழிலுக்கு நாமே இடம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். கருவி தேடுவதில் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 500 நிமிடம். அது 8 மணித்தியாலமும் 20 நிமிடமும். மாதம் ஒரு முழு நாளை நாம் கட்டிலுக்கு அடியில் செலவு செய்கிறோம்!

2. எப்படிப்பட்ட அலுமாரி வேண்டும்?

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் சொன்ன வழி. சிறிய இடத்தில் நிறையக் கருவி வைப்பதற்கு ஓர் இரகசியம் உண்டு. கதவையும் இடமாகப் பயன்படுத்துவதே அந்த இரகசியம்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹென்றி ஸ்டட்லி என்ற தொழிலாளி இருந்தார் (1838 - 1925). பியானோ, ஓர்கன் செய்வது அவரது தொழில். அவர் தமக்கென்று சுவரில் தொங்கும் கருவிப் பெட்டி ஒன்றைச் செய்தார். மூடியிருக்கும்போது அது ஒரு சிறிய பெட்டிதான். திறந்தால் இரண்டு பக்கமும் விரிந்து, 200க்கு மேற்பட்ட கருவிகள் தத்தம் இடத்தில் இருப்பது தெரியும். கைத்தொழிலாளர் இன்றும் அதை வியந்து பேசுகிறார்கள். நமக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கதவு வெறும் மூடியாக இல்லாமல் ஒரு தட்டமாக இருக்கலாம் என்ற அந்தக் கருத்து மட்டும் போதும்.

நமது அலுமாரி 24 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் கொண்டது. சுவரில் அது எடுக்கும் இடம் 6 சதுர அடி. உடற்பெட்டியின் ஆழம் 6 அங்குலம். இரண்டு கதவுகளும் 3 அங்குல ஆழமுள்ள தட்டங்கள். கதவைத் திறந்தால் பின்பலகையில் 6 சதுர அடியும், இரு கதவுகளிலும் 6 சதுர அடியும் கிடைக்கும். மொத்தம் 12 சதுர அடி. நிலத்தில் ஓர் அங்குலமும் தேவையில்லை.

இன்னொரு முக்கியமான குணமும் இதற்கு உண்டு. இதைச் சுவரில் ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்துவதில்லை. கொளுவி வைக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் கையோடு வந்துவிடும். தற்காலிகக் காம்பராவிலிருந்து புது வீட்டுக்குப் போகும்போது அலுமாரியும் உங்களுடன் வரும்.

3. மரம்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் இறப்பர் விளையும் பூமி. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இந்நாட்டு இறப்பரின் ஆரம்பம் அதுவே. ஏறத்தாழ 30 வருடம் பால் தந்த மரத்தை வெட்டி மறுநடுகை செய்வார்கள். முன்பு அது பெரும்பாலும் விறகாகவே போயிற்று. இன்று அது நல்ல தளபாட மரம். நிறம் வெளிர், இழைப்பதற்கு இலகு, ஆணியும் திருகாணியும் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் இறப்பர் மரத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அதில் மாச்சத்து அதிகம். ஆகவே வண்டு துளைக்கும், பூஞ்சணம் பிடித்து நீலக் கறுப்பாகும். மரத்தை அறுத்தவுடனேயே வெண்காரம் சேர்ந்த மருந்துக் கரைசலை ஏற்றி உலர்த்தினால் இது நேராது. ஆகவே பலகை வாங்கும்போது, "மருந்து ஏற்றி உலர்த்தியதா?" என்று கேளுங்கள். பலகையைத் தட்டிப் பாருங்கள். ஊசித் துளைகளிலிருந்து மா போன்ற தூள் கொட்டினால் அதைத் தொடவேண்டாம். இரண்டாவது, விளிம்புக்கு அருகில் நேரடியாக ஆணி அடித்தால் வெடிக்கும். முதலில் சிறு துளை இட்டுவிட்டு ஆணியோ திருகாணியோ ஏற்றவேண்டும். வெளியே மழையில் நனையும் இடத்துக்கு இந்த மரம் உதவாது. வீட்டுக்குள் வைக்கும் அலுமாரிக்குப் பொருத்தமானது.

இறப்பர்ப் பலகை கிடைக்காத இடத்தில் சப்பு, மலைவேம்பு, பலா எதுவும் ஆகும். உடைத்த பழைய கட்டிலின் பலகை நேராக இருந்தால் அதுவும் நல்லதே.

4. தேவையான பொருட்கள்

• 6 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகை: 8 அடி நீளத்தில் 3, 4 அடி நீளத்தில் 1. மொத்தம் 28 அடி. நுனிகள் வெடித்திராத பலகையாகப் பார்த்து வாங்குங்கள். கணக்கு இறுக்கமானது.
• 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை: 8 அடிக்கு 4 அடித் தாளில் பாதி.
• இரண்டரை அங்குலப் பிணைச்சல்: 6. அவற்றுக்கு ஏற்ற திருகாணி.
• 2 அங்குலத் திருகாணி 3 தசம் (30), ஒன்றரை அங்குலத் திருகாணி ஒரு பெட்டி, 1 அங்குல ஆணி கால் கிலோ.
• மரப்பசை ஒரு சிறு போத்தல்.
• கொண்டி ஒன்று, ஆமைப்பூட்டு ஒன்று.
• சுவருக்கு: 3 அங்குலத் திருகாணி 4, அவற்றுக்குரிய பிளாஸ்டிக் அடைப்பு 4.

தேவையான கருவிகள்: கைவாள், சுத்தியல், உளி, மூலைமட்டம், அளவுநாடா, துளை போடும் கருவி, திருப்புளி, அரத்தாள். உங்களிடம் எல்லாம் இராது. நாலு வீட்டார் சேர்ந்தால் எல்லாம் இருக்கும்.

5. பலகையை வெட்டும் முறை

வெட்டுவதற்கு முன் எல்லா அளவுகளையும் பென்சிலால் பலகையில் குறியுங்கள். "இரண்டு முறை அள, ஒரு முறை வெட்டு" என்பது எல்லா நாட்டுத் தச்சருக்கும் பொதுவான விதி.

முதலாம் 8 அடிப் பலகை: 36 அங்குலத்தில் 2 துண்டு. இவை பெட்டியின் இரு பக்கங்கள். 22½ அங்குலத்தில் 1 துண்டு. இது மேற்பலகை.

இரண்டாம் 8 அடிப் பலகை: 22½ அங்குலத்தில் 4 துண்டு. ஒன்று அடிப்பலகை. ஒன்று உள்ளே வரும் தட்டு. மூன்றாவதை நீளப்பாட்டில் நேராக இரண்டாகப் பிளந்தால், ஒன்று உட்சட்டம், மற்றது பின்பக்க அணைகட்டை. நான்காவதைக் கொளுவு கட்டைக்காக ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் 8 அடிப் பலகை: 36 அங்குலத்தில் 2 துண்டு, 10½ அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக 2 துண்டு. (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று.) எல்லாவற்றையும் நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்தால் 3 அங்குல அகலத்தில் 4 நெடுஞ்சட்டமும் 4 குறுஞ்சட்டமும் கிடைக்கும். இவை கதவுகளுக்கு.

4 அடிப் பலகை: 22½ அங்குலம் வெட்டி, அதை ஒன்றரை அங்குல அளவில் நாலு கீலமாகப் பிளவுங்கள். இரண்டு கீலம் பின்பலகைக்கு. மற்ற இரண்டையும் குறுஞ்சட்டத்தின் நீளத்துக்கு வெட்டினால் கதவுகளுக்கு நாலு கீலம். மிஞ்சும் பலகை நீட்டுக் கருவிகளுக்குப் பயன்படும்.

ஒட்டுப்பலகை: 24 × 36 அங்குலத்தில் ஒன்று பின்பலகை. 12 × 36 அங்குலத்தில் இரண்டு கதவுகளுக்கு. கதவுத் துண்டுகளின் அகலத்தில் ஒரு நூல் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கதவுகள் ஒன்றோடொன்று இறுகும்.

6. பெட்டியைப் பொருத்தும் முறை

படி ஒன்று: மேற்பலகையும் அடிப்பலகையும் இரு பக்கப் பலகைகளுக்கு இடையில் வரவேண்டும். இரு பக்கத்தினதும் முக்கால் அங்குலத்தைச் சேர்த்தால் 24 அங்குலம் சரியாக வரும். பசை பூசி, துளை இட்டு, ஒவ்வொரு மூலைக்கும் 2 அங்குலத் திருகாணி 3 ஏற்றுங்கள்.

படி இரண்டு: பசை காய்வதற்கு முன் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கவேண்டும். இந்தப் பெட்டிக்கு அது ஏறத்தாழ 43¼ அங்குலம். ஒன்று கூடி மற்றது குறைந்தால், கூடிய மூலைகளை மெல்ல அமுக்கிச் சரி செய்யுங்கள். இந்த ஒரு நிமிடத்தை விட்டால் கதவு ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டாது.

படி மூன்று: உட்சட்டத்தை மேற்பலகைக்குக் கீழே, பின்விளிம்போடு ஒட்டி வையுங்கள். பக்கப் பலகையிலிருந்தும் மேற்பலகையிலிருந்தும் திருகாணி ஏற்றுங்கள். அலுமாரியின் முழுப் பாரத்தையும் தாங்கப் போவது இந்தச் சட்டமே. ஆகவே பசையை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

படி நாலு: அடிப்பலகையிலிருந்து 9 அங்குல உயரத்தில் தட்டைப் பொருத்துங்கள். தட்டுக்குக் கீழே ஆணி, திருகாணி போட்ட பால்மாத் தகரங்கள் இருக்கும்.

படி ஐந்து: பின்பலகையை வைத்து, விளிம்பில் 3 அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடியுங்கள். உள்ளே இரண்டு கீலங்களையும் குறுக்காக வைத்து, ஒட்டுப்பலகையின் வெளிப்பக்கத்திலிருந்து ஆணி அடியுங்கள். முளைகளை இந்தக் கீலங்களில்தான் அடிக்கவேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகை சுத்தியலின் பாரத்தைத் தாங்காது.

படி ஆறு: மேற்பலகையிலும் அடிப்பலகையிலும் அரை அங்குலத் துளை மும்மூன்று போடுங்கள். காற்று கீழிருந்து மேலே ஓடும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றோட்டம் இல்லாத அலுமாரி துருவை வளர்க்கும் பெட்டி ஆகிவிடும்.

7. கதவுகள்

நெடுஞ்சட்டம் இரண்டு, அவற்றின் இடையே குறுஞ்சட்டம் இரண்டு. பெட்டியைப் போலவே பொருத்தி, குறுக்களவு பார்த்து, வெளிப்பக்கத்தில் ஒட்டுப்பலகையை அடியுங்கள். ஒவ்வொரு கதவின் உள்ளேயும் இரண்டு கீலங்களைக் குறுக்காக வையுங்கள். இப்போது கதவு ஒரு ஆழமற்ற தட்டம் போல இருக்கும்.

ஒவ்வொரு கதவுக்கும் பிணைச்சல் 3. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று நடுவில். கருவிகள் தொங்குவதால் இந்தக் கதவு பாரமானது. இரண்டு பிணைச்சல் போதாது. பிணைச்சலின் தடிப்பளவு மரத்தை உளியால் செதுக்கி, அதை மட்டமாகப் பதியுங்கள். கதவு முழுவதும் திறந்து பக்கச் சுவரோடு விரியும். ஆகவே அலுமாரிக்கு இரு பக்கமும் 12 அங்குல இடம் விடவேண்டும். திறந்த நிலையில் மொத்த அகலம் 4 அடி.

8. கொளுவு கட்டை

ஒதுக்கி வைத்த 22½ அங்குலத் துண்டை நடுவே நீளப்பாட்டில் பிளவுங்கள். ஆனால் வாளை நேராகப் பிடிக்காமல் 45 பாகை சரித்துப் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சரிந்த விளிம்புள்ள இரண்டு கட்டைகள் கிடைக்கும்.

ஒரு கட்டையைச் சுவரில் பொருத்துங்கள். சரிந்த விளிம்பு மேலே இருக்கவேண்டும். கூர்முனை அறைப் பக்கம் இருக்கவேண்டும். அப்போது சுவருக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டாகும். மற்றக் கட்டையை அலுமாரியின் பின்பலகையில், உட்சட்டம் இருக்கும் இடத்தில், சரிந்த விளிம்பு கீழே வரும்படி வையுங்கள். அதன் கூர்முனை சுவர்ப் பக்கம் இருக்கவேண்டும். ஒன்றரை அங்குலத் திருகாணி 5 ஏற்றுங்கள். அவை கட்டையையும் ஒட்டுப்பலகையையும் கடந்து உட்சட்டத்தில் பிடிக்கும். அலுமாரியின் பின்புறத்தில் அடியில் அணைகட்டையை வையுங்கள். இல்லாவிட்டால் அலுமாரி கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சரிந்து நிற்கும்.

அலுமாரியைத் தூக்கிச் சுவர்க்கட்டையில் வைத்தால், கீழ்நோக்கிய பாரமே அதை இறுக்கிப் பிடிக்கும்.

இங்கே எனது தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். நான் முதன்முதல் செய்த அலுமாரியைப் பழைய லயச் சுவரில் நாலு பெரிய ஆணியால் அடித்துத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் இரவு ஆணியும் சுவர்ப்பூச்சும் சேர்ந்து கீழே வந்தன. அந்த இடத்தில் எவரும் படுத்திருக்கவில்லை. அதற்குப் பின் சுவரைச் சோதிக்காமல் நான் எதையும் தொங்கவிடுவதில்லை.

இந்த அலுமாரி வெறுமையாக ஏறத்தாழ 18 கிலோ. கருவிகளை வைத்தால் 35, 40 கிலோ வரும். சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற சத்தம் வந்தால், துளை போடும்போது மண்ணாகக் கொட்டினால், அந்தச் சுவரை நம்பவேண்டாம். அப்படியானால் 2 அங்குலத்துக்கு 2 அங்குலக் கால் இரண்டை நிலத்தில் ஊன்றி, மேலே கூரையின் வளையோடு கட்டி, சுவர்க்கட்டையை அந்தக் கால்களில் திருகுங்கள். பாரம் நிலத்துக்குப் போகும். சுவர் சாய்ந்துகொள்ள மட்டும்தான். எந்த இடமானாலும் படுக்கைக்கு மேலே தொங்கவிடவேண்டாம்.

உயரமும் முக்கியம். அலுமாரியின் தலை நிலத்திலிருந்து ஐந்தரை அடியில் இருக்கட்டும். அப்போது அடி இரண்டரை அடியில் வரும். வீட்டில் உள்ள பெண்களுக்கும் எட்டும்.

9. எதை எங்கே வைப்பது?

முளை அடிப்பதற்கு முன் நிலத்தில் ஒரு சாக்கை விரித்து, அலுமாரியின் அளவைக் கோடிட்டு, கருவிகளை அதில் அடுக்கிப் பாருங்கள். மாற்றி மாற்றி வையுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். இடம் மிச்சம் பிடிப்பதில் அவர்கள் நம்மை விடச் சமர்த்தர்.

பாரமானவை பின்பலகைக்கு: சுத்தியல், கைக்கோடரி, சீவுளி, குறடு. மெல்லியவை கதவுக்கு: உளிகள், திருப்புளி, அரம், மூலைமட்டம், பால் வெட்டும் கத்தி, கவ்வாத்துக் கத்தி. கைவாளை ஒரு கதவில் நிமிர்த்தித் தொங்கவிடலாம். வாய் கூரான ஒவ்வொன்றுக்கும் பழைய ரயர்த் துண்டிலோ மூங்கிற் குழாயிலோ உறை செய்யுங்கள். கூர்முனை எப்போதும் கீழே பார்க்கட்டும். அடிக்கடி எடுப்பது கைக்கு நேராக, எப்போதாவது எடுப்பது ஓரமாக.

ஒவ்வொரு கருவியையும் அதன் இடத்தில் வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கோடு வரைந்து, கோட்டுக்குள் வர்ணம் பூசுங்கள். மாலையில் கதவைத் திறந்தால், காலியான உருவம் எந்தக் கருவி வரவில்லை என்று காட்டிக் கொடுக்கும். இரவல் கொடுத்தால் அந்த முளையில் வாங்கியவரின் பெயரைச் சிறு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். மனக்கசப்பு இல்லாமல் கேட்டு வாங்க அது உதவும்.

மம்பட்டி, முள்ளு, அலவாங்கு போன்ற நீட்டுக் கருவிகள் அலுமாரிக்குள் வரா. மிஞ்சிய பலகையில் 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் கைப்பிடி நுழையும் அளவுக்கு வெட்டுப் போட்டு, மூன்றரை அடி உயரத்தில் மூலையில் பொருத்துங்கள். கருவியின் தலை கீழே இருக்கட்டும். அது நிலத்து ஈரத்தில் படாதவாறு இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகை வையுங்கள். மேலே ஒரு கயிற்றால் குறுக்கே கட்டினால் பிள்ளைகள்மேல் விழாது.

ஒன்றை மட்டும் இந்த அலுமாரியில் வைக்கவேண்டாம். பூச்சிமருந்து, களைநாசினி எதுவும் கூடாது. பால்மாத் தகரம் இருக்கும் இடத்தில் நஞ்சு இருக்கலாகாது.

10. பராமரிப்பு

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துணியால் துடைத்து, காயவைத்த பின்னரே கருவியை உள்ளே வையுங்கள். இரும்பில் தையல் இயந்திர எண்ணெய் சிறிது தடவுங்கள். அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் உதவும். லொறியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் தோலுக்குக் கேடு. அதைத் தவிருங்கள். காய்ந்த அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து தட்டில் வைத்தால் ஈரத்தைச் சிறிது இழுக்கும். மாதத்துக்கு ஒரு முறை வெயிலில் காயவைத்துத் திரும்ப வையுங்கள். பிணைச்சல் திருகாணிகளை அப்போதே இறுக்குங்கள்.

11. சாவி யாரிடம்?

அலுமாரிக்குப் பூட்டு வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் களவுக்கும் அது தேவை. ஆனால் சாவி ஆண்பிள்ளையின் மடியில் மட்டும் இருந்தால் அலுமாரி பாதிப் பயனையே தரும். பகலில் மரக்கறிப் பாத்தியைக் கொத்துபவர் யார்? கூரைத் தகரம் காற்றில் தூக்கினால் ஆணி அடிப்பவர் யார்? பல வீடுகளில் பெண்களே. பிள்ளைகளுக்கு எட்டாத, பெரியவர்கள் இருவருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் சாவி தொங்கட்டும். பதினாறு வயது மகளுக்கும் உளி பிடிக்கக் கற்றுக் கொடுங்கள்.

ஒரு பயிற்சிக் கொப்பியில் கருவிகளின் பட்டியலை எழுதி, அடையாள அட்டைப் பிரதிகளோடு வையுங்கள். ஒவ்வொரு கைப்பிடியிலும் உங்கள் எழுத்தைச் சூடு போட்டுப் பதியுங்கள். நாளைக்கு எவராவது, "என்ன இழந்தீர்கள்?" என்று கேட்டால், தொழிலையும் சேர்த்துச் சொல்ல உங்களிடம் எழுத்து இருக்கும்.

இறுதியாக ஒரு வார்த்தை. இந்த அலுமாரியைத் தூக்கிப் போகலாம் என்று எழுதினேன். அது அமைதியான நாளில் வீடு மாறுவதற்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிற எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சிவப்பு வந்தபின் அலுமாரிக்காக ஒரு நிமிடமும் திரும்பிப் பார்க்கவேண்டாம். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். கருவியை மறுபடியும் வாங்கலாம். அதைப் பிடிக்கும் கையை வாங்க முடியாது.

நான் முதலில் சொன்ன குடும்பம் இப்போது ஓர் அலுமாரியை வைத்திருக்கிறது. நாலு வீட்டார் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார்கள். ஒரு கதவு சற்றுக் கோணல். முதல் வேலைக்கு அது போதும். அண்மையில் போனபோது கதிரையோடு ஒருவர் வந்தார். வீட்டுக்காரர் எழும்பவில்லை. மகன்தான் போய்க் கதவைத் திறந்து, "எந்த உளிப்பா? சின்னதா, பெருசா?" என்று கேட்டான்.

கூடிச் சிந்திப்போம்

1. உங்கள் வீட்டில் உள்ள கருவிகளை இப்போதே எண்ணிச் சொல்ல முடியுமா? அவற்றில் எத்தனை இன்று வேலைக்கு ஆயத்தமான நிலையில் உள்ளன?

2. கருவியைச் சரியான இடத்தில் வைக்காததால் உங்கள் லயத்தில் நடந்த காயங்கள், கைவிட்டுப் போன வேலைகள் எவை?

3. நாலு வீட்டாருக்கு ஒரு துளை போடும் கருவியும் ஒரு சீவுளியும் பொதுவாக வாங்கினால், அதை யார் வீட்டு அலுமாரியில் வைப்பது? இரவல் ஒழுங்குகள் என்னவாக இருக்கவேண்டும்?

4. அலுமாரியின் சாவி, கருவி, தொழில் இவற்றில் பெண்களுக்கும் இளைஞருக்கும் என்ன பங்கு கொடுக்கிறோம்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது கருவிப் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். அலுமாரியை அதற்குப் பின் தொடங்குவோம்.